ஊரே சேர்ந்து கழுவிய ஓடை

என் கடைக்கு மனு எழுத வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள்: "கொஞ்சம் காரமா எழுதுங்க பாய்." ஏற்காடு பஜாரில் ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் வைத்துப் பிழைக்கிறவன் நான். மனு எழுதிக் கொடுப்பது பக்கத் தொழில். பட்டா மனு, பென்ஷன் மனு, பஸ் விடச் சொல்லி மனு. காரம் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனு என்ன கறிக்குழம்பா? யார், எந்த ஊர், என்ன குறை, அதை யார் சரி செய்ய வேண்டும் என்று தெளிவாக நாலு வரி இருந்தால் போதும். நம் கோபத்தை உட்கார்ந்து படிக்க எந்த ஆபீசரும் சம்பளம் வாங்கவில்லை. இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதனால் என்னைக் கடுகடுப்பு பாய் என்று பஜாரில் சொல்வதும் எனக்குத் தெரியும்.

அந்த அம்மா ஒருவர்தான் எழுதாமல் விடச் சொல்லிக் கேட்டவர்.

வெள்ளக்கடை தாண்டி, தார் ரோட்டை விட்டுக் கீழே இறங்கி நடந்தால் அவர் ஊர். காப்பியும் மிளகும் இருக்கிற சரிவு, அதற்குக் கீழே சாமையும் ராகியும் போடுகிற காடு, நடுவே ஓடை. ஊருக்கு மேலே ரோட்டோரமாக நான்கைந்து வருஷத்துக்குள் லாட்ஜுகள் முளைத்துவிட்டன. சனி, ஞாயிறு என்றால் அங்கே கார் நிறுத்த இடம் இருக்காது. வந்தவர்கள் குளித்ததும் கழுவியதும் கழித்ததும் குழாய் வழியாக நேராக ஓடைக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால் கல்லெல்லாம் கருப்புச் சகதி, மேலே சோப்பு நுரை. மாடுகள் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அந்த நாற்றத்தை நான் எழுத விரும்பவில்லை. போய் நின்றவனுக்குத் தெரியும்.

ஊரே கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தது. டூவீலரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, பஜாரிலிருந்து கொண்டுபோவார்கள். ஊருக்குள் ஓடை வைத்துக்கொண்டு கடையில் தண்ணீர் வாங்குவதை அவர்கள் பெரிய அவமானமாக நினைத்தார்கள். வெளியே யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கேட்டால், ஓடைத் தண்ணிதானுங்க என்பார்கள். வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கும் அவர்களுக்காக நான் எழுதிய மனுக்களில்கூட, விவசாயம் கெடுகிறது, கால்நடை கெடுகிறது என்றுதான் இருக்கும். மனு வாங்கினோம் என்று சீட்டு வரும். அதோடு சரி. அந்த ஓடையின் மேல் பாகம் அரசாங்கக் கணக்கில் ஓடையாகவே இல்லை, யாருடைய பட்டாவிலோ இருக்கிறது, எங்களால் என்ன செய்ய முடியும் என்று ஒரு பதில் மட்டும் வந்தது. கண் முன்னால் ஓடுகிற தண்ணீர் காகிதத்தில் இல்லாமல் போகும் என்பதை அந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

அப்போதுதான் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருகிறது என்று பேப்பரில் அறிவிப்பு பார்த்தேன். எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் இருக்கிற குழு. வெகுநாளாகத் தீராத பொதுப் பிரச்சினையைப் பொதுமக்களே நேராக எழுதி அனுப்பலாம். குழு விசாரித்து, பரிந்துரை எழுதி, சட்டமன்றத்தில் வைக்கும். வைத்த பிறகு சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான் இருக்க வேண்டும், அதுவும் ஒரு துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடை என்ன துறை பார்த்தா ஓடுகிறது? வனத்துறை நிலத்தில் பிறந்து, பட்டா நிலத்தில் நுழைந்து, பஞ்சாயத்துக்குள் விழுகிற தண்ணீர் அது. கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். ஓடையை ஓடை என்று அரசாங்கக் கணக்கில் பதியுங்கள், அதில் கழிவு விடுவதைத் தடுங்கள்.

ஊர் சார்பில் முதல் கையெழுத்துப் போட வந்தவர் அந்த அம்மாதான். ஐம்பதை நெருங்குகிற வயது, புருஷன் இல்லை. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. ஒரே மகன், மஞ்சக்குட்டைப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். ஜீப் ஸ்டாண்ட் என் கடைக்கு எதிரே என்பதால் அவனை நான் தினமும் பார்ப்பேன். முந்தைய மனுக்களையெல்லாம் ஆபீஸ் ஆபீசாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் இதே அம்மாதான். ஊர் ஆண்கள் சலித்துப்போய் நின்றுவிட்ட பிறகும் அவர் நிற்கவில்லை.

"குடிக்கத் தண்ணீர் இல்லை, விலைக்கு வாங்குகிறோம் என்று எழுதுகிறேன் அம்மா. மாடு குடிக்கவில்லை என்பதற்கா எம்.எல்.ஏ.க்கள் மலையேறி வருவார்கள்?" என்று கேட்டேன்.

அவர் கடை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எத வேணா எழுதுங்க பாய். அத மட்டும் எழுதாதீங்க. பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கறோம்."

கதை மெதுவாக வெளியே வந்தது. மகனுக்கு முன்பே இரண்டு இடம் பார்த்தார்களாம். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்து போனதோடு சரி. அந்த ஓடை நாற்றத்தில் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டது சுற்றி வளைத்து இவர் காதுக்கு வந்தது. மூன்றாவதாக மஞ்சக்குட்டையில் ஓர் இடம். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்ப் பேசவும் ஆரம்பித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வீடு பார்க்க வருவதாகச் சொன்னபோது, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார் இந்த அம்மா. வாரக் கடைசியில்தான் லாட்ஜில் ஆள் சேரும், வெள்ளிக்கிழமை நாற்றம் குறைந்திருக்கும். கேன் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் ஊற்றி வைத்து, சொம்பில் மொண்டு கொடுத்தார். பெண்ணின் அப்பா குடித்துவிட்டு, மலைத் தண்ணி மலைத் தண்ணிதான் என்று பாராட்டினாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு அன்றைக்கு நல்ல கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, கழிவுநீர், விவசாயம், கால்நடை என்றே மனுவை முடித்து, நகல்களோடு அனுப்பினேன். தொடர்புக்கு என் கடை நம்பரைப் போட்டேன். அவர்கள் ஊரில் சிக்னல் கிடைக்காது.

இப்படிப்பட்ட குழு பெரும்பாலும் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்தே விசாரிக்கும், ஏதோ சில இடங்களைத்தான் நேரில் பார்க்கும் என்று எனக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் அதிர்ஷ்டம், அந்தச் சிலவற்றில் இந்த ஓடையும் இருந்தது. தாலுகா ஆபீசிலிருந்து போன் வந்தது. வழி காட்ட நீங்கள் காலையில் ஏற்காட்டில் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். என் கம்ப்யூட்டரில் அடித்த நாலு வரி சட்டமன்றத்தை மலைமேல் வரவழைத்திருக்கிறது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

குழு வந்ததும், வண்டிகளை ரோட்டில் நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கி நடந்தோம். ஊர் எல்லையில் வாழைமரம் கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம். பாதை நெடுக நீர் தெளித்துக் கோலம். நான் மற்றவர்களை முந்திக்கொண்டு நடந்தேன்.

அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. மலைச்சாமி நோம்பி என்கிற திருவிழா வருகிறதென்றால் முந்தின நாள் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். பாதையையும் ஓடையையும் ஊரே சேர்ந்து சுத்தம் செய்யும். வராத வீட்டுக்கு அபராதம். பெரிய மனிதர்கள் யாராவது ஊருக்கு வந்தாலும் அதே கட்டுதான். இந்த முறையும் ஊருக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டர் வீடு வீடாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், ஊரும் திரண்டு வந்திருக்கிறது. சகதியை மண்வெட்டியால் வாரியிருந்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுகூட இல்லை. கற்களைத் தேய்த்துக் கழுவி, கரையில் ப்ளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். மேலே லாட்ஜ்காரர்களும் சேதி தெரிந்து அன்றைக்குக் குழாயை அடைத்து வைத்திருக்க வேண்டும், நுரை வரவில்லை. காலை வெயிலில் ஓடை பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஊர்க்கவுண்டரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, என்ன காரியம் செய்தீர்கள் என்று கேட்டேன். அந்த அழுக்கைக் காட்டத்தானே இவர்களை வரவழைத்தோம்? அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது.

"ஏனுங்க பாய், ஊட்டுக்கு வர்றவங்களுக்கு அழுக்கையாங்க காட்டுவாங்க?"

எத்தனையோ ஊர்க்காரர்களுக்கு மனு எழுதியிருக்கிறேன். தன் குறையை அடுத்தவனுக்குக் காட்டுவது எவ்வளவு கூச்சமான வேலை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

குழுத் தலைவர் ஓடைக்கரையில் நின்று மனுவைப் புரட்டினார். கழிவுநீர் என்று எழுதியிருக்கிறீர்கள், தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்றார். குரலில் எரிச்சல் இல்லை, குழப்பம்தான் இருந்தது. குடிக்கிறீர்களா என்று கேட்டார். ஊர்க்கவுண்டர் நெஞ்சை நிமிர்த்தி, பாட்டன் காலத்திலிருந்து இதைத்தான் குடிக்கிறோம் என்று சொன்னார். கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் அந்த ஊர்க்காரன் இல்லை. கொடுத்த வாக்கு வேறு இருந்தது. கூட வந்த ஆபீசர் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டு பேனாவை மூடினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த அம்மா பித்தளைச் சொம்போடு வந்தார். தலைவர் இறங்கி நடந்து வந்த களைப்பில் அண்ணாந்து குடித்தார். முடித்துவிட்டு, தண்ணீர் அருமையாக இருக்கிறது, இந்த ஓடையில் எடுத்ததுதானே என்று கேட்டார்.

அந்த அம்மா தலையைத் திருப்பினார். அவர் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். சில்வர் ஓக் மரத்தடியில், வேடிக்கை பார்க்க வந்த மற்ற ஊர்க்காரர்களோடு, பெண்ணின் அப்பாவான மஞ்சக்குட்டைச் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். தங்கள் ஊர் ரோட்டைப் பற்றியும் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வந்திருக்கிறார். இரண்டு எட்டு தள்ளி மகன், ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றிருந்தான். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நடக்கும். ஓடை போய்விடும். இவர் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"இல்லீங்க" என்றார். "இது ஏற்காட்டுக் கடையில வாங்கின கேன் தண்ணிங்க. இந்த ஓடையில நாங்க கால்கூட நனைக்கறதில்லீங்க. நீங்க வர்றீங்கன்னு நேத்து ஊரே சேந்து கழுவி வெச்சிருக்கறோம். வாரிப் போட்டதெல்லாம் காப்பிக் காட்டுக்குப் பின்னால கெடக்குது. வாங்க, காட்டறேன்."

சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தார். தலைவர் பின்னால் போனார். நாங்கள் எல்லோரும் போனோம். காப்பிச் செடிகளுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்குக் கருப்புச் சகதி குவிந்திருந்தது. லாட்ஜ் சோப்புக் காகிதம், பாட்டில், வாயால் சொல்லக் கூடாத என்னென்னவோ. ஈ மொய்த்தது. தலைவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு, ஓடை வழியாகவே மேலே ஏறுவோம் என்றார். உண்ணிச்செடிப் புதருக்குள் குழாய்கள் இருந்தன. வாயை அடைத்திருந்தும் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. இது யாருடையது, யார் அனுமதி கொடுத்தது, ஓடை ஏன் கணக்கில் இல்லை என்று அவர் ஆபீசர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். நான் அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் அந்தக் காலிச் சொம்பு அப்படியே இருந்தது.

நாங்கள் கீழே வந்தபோது சம்பந்தி போய்விட்டிருந்தார். அந்த வாரமே ஆள் சொல்லி அனுப்பினார். தண்ணீர் கெட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்போம், சொம்பில் பொய்யை ஊற்றிக் கொடுத்த வீட்டில் பெண் கொடுக்க மனசு வரவில்லை என்றாராம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மகன் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். சண்டை போடவில்லை, வீட்டை விட்டுப் போகவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டைப் பஜார் ஓட்டலில் முடித்துக்கொண்டான். ஊரிலும் அவரை யாரும் திட்டவில்லை. ஆனால் ஊர்க்கவுண்டர் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாராம். வெளியாட்கள் முன்னால் ஊர் மானத்தை வாங்கியவர் என்று ஒரு பேர் நின்றுவிட்டது. அந்த அம்மா ஏதாவது சாக்கு வைத்து என் கடைக்கு வருவார். எதிரே ஜீப் ஸ்டாண்டைப் பார்த்தபடியே, "பையன் சாப்புட்டானுங்களா பாய்?" என்று கேட்பார். சாப்பிட்டான் அம்மா என்பேன். எனக்குத் தெரியாத நாளிலும் அதையே சொன்னேன். நான் எழுதாமல் விட்ட ஒரு வரியை அவர் எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டி வந்ததை நினைத்தால் சாப்பாடு இறங்காது.

மாதங்கள் கழித்துக் குழுவின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தேடிப் பிடித்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். ஓடையை ஓடையாகக் கணக்கில் பதிய வேண்டும், கழிவுக் குழாய்களை அகற்ற வேண்டும், எடுத்த நடவடிக்கையைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பரிந்துரை. நினைத்த மாதிரி எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். ஒரு லாட்ஜின் குழாயை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். இன்னொன்று அவகாசம் வாங்கியிருக்கிறது. திங்கட்கிழமை நாற்றம் குறைந்திருக்கிறது. கேன் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஓடை இப்போது காகிதத்திலும் ஓடுகிறது. இனி யாரும் அதை இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து அந்த அம்மாவை வரச் சொன்னேன். எதிரே நின்றிருந்த மகனையும் கைதட்டிக் கூப்பிட்டேன். வந்தான். அம்மாவைப் பார்த்ததும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டான். நான் சத்தமாகப் படித்தேன். குழு நேரில் சென்று பார்த்தபோது ஊர் மக்கள் அந்த நீரைக் குடிக்கப் பயன்படுத்துவதில்லை என்று தெரியவந்ததாக அதில் ஒரு வரி இருந்தது. படித்து முடித்ததும் அவன் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினான். நின்றபடியே மேலிருந்து கீழ்வரை படித்தான். திரும்ப ஒரு தடவை படித்தான்.

"எங்கம்மா சொன்னது இதுல எங்கீங்க பாய் இருக்குது?"

இல்லை என்றேன். தெரியவந்தது என்றுதான் போடுவார்கள், யார் சொன்னது என்று எழுத மாட்டார்கள் என்று விளக்கினேன்.

"தானாவே தெரிஞ்சுதாமா? நாங்க அத்தன பேரும் குடிக்கறோம்னு தலையாட்டிட்டு நின்னமுங்க. நானுந்தான் ஆட்டுனேன்." காகிதத்தை என் பக்கம் நீட்டினான். "யாரு சொன்னதுன்னு பேரோட எழுதுங்க பாய். அந்தக் குழுவுக்கே அனுப்பலாம்."

அந்த அம்மா பதறி எழுந்தார். "வேண்டாஞ் சாமி. பேரோட எழுதுனா, நாளைக்கு உனக்குப் பொண்ணு குடுக்க வர்றவங்க படிப்பாங்க."

"படிக்கட்டும்மா" என்றான்.

ஓடைக்கரையில் நின்ற நாளுக்குப் பிறகு அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் புதுப் பக்கத்தைத் திறந்து, அனுப்புநர் என்ற இடத்துக்குக் கீழே அவர் பெயரை அடித்தேன்.